ரைட்டர் மேசையில் பிறக்கும் வழக்கு

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைகிறவர்கள் இன்ஸ்பெக்டர் அறை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். வழக்கு பிறப்பது வேறு மேசையில். பாரா நிற்கும் காவலரைத் தாண்டினால், ரிஜிஸ்டர்கள் அடுக்கிய ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கும். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஸ்டேஷன் ரைட்டர். புகாரை வாங்கி முதல் தகவல் அறிக்கை தயாரிப்பதும், பொது நாட்குறிப்பை எழுதுவதும், கோர்ட்டுக்குப் போகும் தாள்களைச் சரிபார்த்துக் கட்டுவதும் அவர் வேலை. தென் மாவட்டங்களில் பல வருடம் அந்த மேசையில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான்.

அங்கிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. நம் குற்றவியல் சட்டம் போலீஸ்காரரை முழுசாக நம்புவதில்லை. அவர் பதிவு செய்ததை உடனே நீதிபதிக்கு அனுப்பச் சொல்கிறது. அவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க மறுக்கிறது. பிடித்தவரை 24 மணி நேரத்துக்கு மேல் அவர் கையில் விட்டுவைப்பதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் பலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. சட்டத்துக்கு அந்தச் சந்தேகம் இருக்கிற வரைக்கும்தான் விசாரணை விசாரணையாக நடக்கும். ஸ்டேஷன் படி ஏறுகிற சாதாரண மனிதருக்குக் கையில் இருக்கும் ஒரே பலமும் அதுதான்.

புகார் ரசீதிலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர் என்று ஒரு ரசீது தருவார்கள். ஆடு திருடுபோன ஒரு பாட்டி, வேறொரு ஸ்டேஷனில் வாங்கிய சி.எஸ்.ஆரை லேமினேட் செய்து முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். "கேசு போட்டு மாசக்கணக்குல ஆச்சு ஏட்டையா, இன்னும் ஒண்ணும் தெரியலியே" என்றார். வாங்கிப் பார்த்தேன். "ஆத்தா, இதுல குற்ற எண் இல்ல. நீங்க மனு கொடுத்தீங்கன்னு மட்டும்தான் இது சொல்லுது" என்றேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம் சி.எஸ்.ஆர். அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, நீதிபதிக்கு அப்படி ஒரு மனு வந்ததே தெரியாது. எஃப்.ஐ.ஆர் பதிவானால்தான் குற்ற எண் விழும். அந்த நிமிடத்திலிருந்து வழக்கு கோர்ட்டின் கண்ணுக்கு வந்துவிடும். ஆகவே கையில் வாங்கிய தாளில் குற்ற எண்ணும் வருடமும் சட்டப் பிரிவும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். எஃப்.ஐ.ஆர் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

எல்லாப் புகாருக்கும் எஃப்.ஐ.ஆர் போட முடியாது என்பதும் உண்மை. குற்றங்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருட்டு, கொள்ளை, கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரி பெரும்பாலான குற்றங்களில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நீதிபதியைக் கேட்காமலே விசாரணையைத் தொடங்கலாம். இவற்றைப் பிடியாணை வேண்டாக் குற்றங்கள் என்பார்கள். புகாரில் அப்படி ஒரு குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-ல் சொல்லிவிட்டது. கையால் அடித்துச் சிறு காயம் ஏற்படுத்துவது போன்றவை இன்னொரு வகை. அவற்றை விசாரிக்க மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும்.

இந்தப் பிரிவினையிலிருந்துதான் நம்மூர் எஃப்.ஐ.ஆர்களில் ஒரு பழக்கம் முளைத்தது. எந்த அடிதடி வழக்கை எடுத்தாலும் பழைய எண்ணில் 294 பி, 323, 506 என்று வரிசையாக இருக்கும். 323 சாதாரண அடி, அதற்குத் தனியாக எஃப்.ஐ.ஆர் கிடையாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது 294 பி, அது பிடியாணை வேண்டாக் குற்றம். அதைச் சேர்த்துவிட்டால் மொத்தமும் எஃப்.ஐ.ஆர் ஆகிவிடும். அதனால் அடி வாங்கியவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் புகாரில் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி" என்ற வரி வந்து உட்காரும். சாட்சிக் கூண்டில் ஏறியதும், என்ன வார்த்தை சொன்னார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். சாட்சி முழிப்பார். பொய்யாகச் சேர்த்த ஒரு வரி, நிஜமாக விழுந்த அடியையும் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் 296, 115, 351 என்று மாறியிருக்கின்றன. இந்தப் பழக்கமும் எண்களோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் நல்ல விஷயங்கள் உண்டு. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இணையம் வழியாக அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதே சட்டத்தில், மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்த 14 நாளில் என்னென்ன சமரசப் பேச்சு நடக்கும் என்பது ஸ்டேஷனில் இருந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பிரிவில் உடன்பாடு இல்லை. எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் 173-வது பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பிக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீது பத்திரமாக இருக்கட்டும்.

எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமாக, எப்போது எழுதியது என்பதும் முக்கியம். கொலை வழக்கு என்றால் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர் என்று ஒரு காவலர் கையில் கொடுத்து ராத்திரியானாலும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு அனுப்புவோம். அவர் வாங்கியதும் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவார். அந்த நேரத்துக்குப் பிறகு எந்த அதிகாரி நினைத்தாலும் ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர் மறுநாள் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், இடையில் யார் யாரோடு உட்கார்ந்து பேசி எழுதினார்கள் என்ற கேள்வி கோர்ட்டில் கட்டாயம் வரும்.

சேலம் மாவட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன துலியா காளி வழக்கில் 1972-ல் தீர்ப்பு வந்தது. ஒரு பெண் கொலையான வழக்கு அது. ஸ்டேஷன் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும், புகார் கொடுக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தாமதத்துக்குச் சரியான விளக்கம் இல்லை என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர் விடுதலையானார். இன்றைக்கும் தாமதம் என்று யாராவது வாதாடினால் இந்த வழக்கின் பெயர் வரும். தாமதமாக வந்த புகாரெல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண் பல நாள் கழித்து வந்தாலும் கோர்ட் அதைப் புரிந்துகொள்ளும். காரணத்தைப் புகாரிலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடிபட்டவர்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். போவதுதான் சரி. அங்கே டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். ஏ.ஆர் காப்பி என்று சொல்வோம். யார் அடித்தது, எதனால், எத்தனை பேர் என்று கேட்டு இரண்டு வரியில் எழுதிவிடுவார். வலியில் இருக்கிறவர், "தெரிஞ்ச ரெண்டு பேரு கட்டையால அடிச்சாங்க" என்று சொல்லியிருப்பார். ராத்திரி சொந்தக்காரர்கள் கூடி, பழைய பகை எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்து பேர் அரிவாளோடு வந்தார்கள் என்று புகார் எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று எதிராக கோர்ட்டில் நிற்கும். நிஜமாக அடித்த இரண்டு பேரும் கூடச் சேர்த்த மூன்று பேரோடு வெளியே போய்விடுவார்கள். வழக்கு தோற்றதற்கு போலீஸ் காசு வாங்கியது காரணம் என்று ஊர் பேசும். ஏ.ஆர் காப்பியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எஃப்.ஐ.ஆரில் போடுகிற சட்டப் பிரிவு கடைசி முடிவல்ல. சிறு காயம் என்று பதிவு செய்த பிறகு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தால் கொடுங்காயப் பிரிவுக்கு மாற்றி, பிரிவு மாற்ற அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்புவோம். கொலை முயற்சி என்று போட்டிருந்து ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டால் 109 என்பது 103 ஆகும். ஆள் இறந்துவிட்டால் அது கொலைதானே என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சட்டம் அங்கே ஒரு கேள்வி கேட்கிறது: செய்தவர் மனதில் என்ன இருந்தது? டீக்கடையில் வாய்த்தகராறு முற்றி, பக்கத்தில் கிடந்த கட்டையை எடுத்து ஒரே அடி, ஆள் போய்விட்டார். இன்னொரு இடத்தில் அதே தகராறு, ஆனால் வீட்டுக்குப் போய் அரிவாள் எடுத்து வந்து கழுத்தில் வெட்டு. இரண்டிலும் ஒரு பிணம்தான். முதலாவது, திட்டமில்லாமல் சட்டென்று மூண்ட சண்டை என்று நிரூபணமானால் கொலை ஆகாத மரணம் விளைவித்தலாக இறங்கிவிடலாம். இரண்டாவது கொலை, ஆயுள் அல்லது மரண தண்டனை. அதனால்தான் நல்ல விசாரணை அதிகாரி, அரிவாள் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரிப்பார். நோக்கத்தை யாரும் படம் பிடிக்க முடியாது. ஆயுதம் எது, அது எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் எத்தனை வெட்டு, முன்னால் என்ன பேசினார் என்பவற்றிலிருந்துதான் மனதைப் படிக்க வேண்டும்.

சம்பவ இடத்துக்குப் போனதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாராகும். ரத்தக்கறை படிந்த மண், கறை இல்லாத மண் இரண்டையும் தனித்தனியாக எடுப்பார்கள். எடுத்த பொருளையெல்லாம் படிவம் 95-ல் எழுதி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 105-வது பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். மகஜர் சாட்சியாக ஒரே ஆள் பல வழக்கில் கையெழுத்துப் போடும் காலம் இதனால் முடியட்டும்.

சாட்சிகளிடம் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. முன்பு 161 என்பார்கள், இப்போது 180. போலீஸ் எழுதியதற்குச் சாட்சியைக் கட்டிப்போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சட்டம் கையெழுத்தைத் தடுத்திருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் யாரானாலும் போட வேண்டாம். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு போலீஸ்தான் போக வேண்டும்.

இனி ஒப்புதல் வாக்குமூலம். "போலீஸ் விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்று பேப்பரில் படித்ததும் விஷயம் முடிந்தது என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. போலீஸிடம் ஒப்புக்கொண்டதற்கு கோர்ட்டில் மதிப்பு கிடையாது. டி.ஜி.பியிடமே சொன்னாலும் கிடையாது. ஏன் என்று தெரிய 1855-க்குப் போக வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போய், கம்பெனி அரசு ஒரு கமிஷன் போட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மெட்ராஸ் வக்கீல். விரல்களை மரத்துண்டுகளுக்கு இடையில் வைத்து நசுக்கும் கிட்டி முதல் எத்தனையோ கொடுமைகளை அந்த அறிக்கை பதிவு செய்தது. நம் ஊர் விவசாயிகள் பட்ட வேதனை அது. 1859-ல் மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. 1861-ல் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்ற தடை வந்து, 1872-ன் சாட்சியச் சட்டத்தில் 25, 26, 27 பிரிவுகளாக நிலைத்தது. இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 23-வது பிரிவு. நூற்றாண்டு மாறி, ஆட்சி மாறி, சட்டத்தின் பெயரே மாறியும் அந்தத் தடையை யாரும் எடுக்கத் துணியவில்லை.

அந்தத் தடையில் ஒரு சிறு கதவு உண்டு. கைதானவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்புக்கு நேராகக் காரணமான அந்தப் பகுதி மட்டும் செல்லும். அதன் அளவு எவ்வளவு என்பதை முடிவு செய்ததும் பழைய மெட்ராஸ் மாகாண வழக்குதான். குண்டூர் பக்கத்து அடிதடிக் கொலை, புலுகுரி கோட்டய்யா வழக்கு. ஈட்டியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்பது செல்லும்; அதோடு சேர்த்துச் சொன்ன, நாங்கள்தான் அடித்தோம் என்பது செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. சட்ட அறிக்கைகளில் அது 1947-ல் வெளியானது. இன்றும் "ஓடைப் பாலத்துக்கு அடியில் அரிவாளை மறைத்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்ற வரியை மட்டும்தான் அரசு வக்கீல் குறியீடு செய்ய முடியும். தமிழ்நாட்டில் இதற்குச் சாட்சியாக வி.ஏ.ஓவையும் தலையாரியையும் கூப்பிடுவது வழக்கம். எல்லா வழக்கிலும் எல்லா அரிவாளும் ஏதோ ஒரு பாலத்துக்கு அடியிலேயே கிடைத்தால் நீதிபதி நம்புவாரா?

அடித்து வாங்கிய ஒப்புதலால் இரண்டு நஷ்டம். அடி வாங்கியவர் நிரபராதியாக இருந்தால் அவர் வாழ்க்கை போயிற்று. குற்றவாளியாகவே இருந்தாலும், ஆள் ஒப்புக்கொண்டுவிட்டானே என்று செல்போன் கோபுர விவரத்தையும் கைரேகையையும் தேடாமல் விட்டுவிடுவார்கள். வழக்கு கோர்ட்டில் உதிர்ந்துபோகும். பொறுமையாகக் கடைத்தெரு சிசிடிவி பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றுக்குரிய மின்னணுச் சான்றிதழையும் இணைத்து வைக்கிற அதிகாரிதான் தண்டனை வாங்கித் தருகிறார். இதை நான் கட்டிய வழக்குக் கட்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. ரிமாண்ட் என்பது கையெழுத்துச் சடங்காகிவிடக் கூடாது. நீதிபதி முகத்தைப் பார்த்து, அடித்தார்களா என்று கேட்க வேண்டும். கைதானவர் காயத்தைக் காட்டிச் சொல்லலாம். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஊரடங்கு விதியை மீறினார்கள் என்று கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. காவல் மரணம் என்றால் விசாரணை மாஜிஸ்திரேட் கையில். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்கே போனார். உள்ளே இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்துக்கு நடுவில் அவரிடம் நடந்ததைச் சொன்னார். சீருடை போட்ட எல்லோரும் அந்தப் பெண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் நினைக்கிறேன்.

முன்பெல்லாம் போலீஸ் காவல் முதல் 15 நாளுக்குள்தான் கேட்க முடியும். இப்போது அந்த 15 நாளை, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பிரித்துப் பிரித்து எடுக்கலாம். சந்தேகத்தோடு எழுதப்பட்ட சட்டம் இங்கே கொஞ்சம் தளர்ந்துவிட்டதோ என்ற கவலை எனக்கு உண்டு. விசாரணை இழுத்தடித்தால் மட்டும் பழைய தண்டனை அப்படியே இருக்கிறது. பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் 90 நாள், மற்றவற்றில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் சிறையில் இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும்.

விசாரணை முடிந்தால் இறுதி அறிக்கை. குற்றப்பத்திரிகையாகவும் இருக்கலாம், வழக்கை முடித்துவிடுகிறோம் என்றும் இருக்கலாம். இரண்டாவதானால் புகார்தாரர் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரும். ஆர்.சி.எஸ் நோட்டீஸ் என்போம். வாசலில் காவலர் நீட்டுவதைப் படிக்காமல், ஏதோ கோர்ட் தாள் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்து மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அந்தத் தாளில் உங்கள் வழக்கு பொருண்மைப் பிழை என்றோ, துப்புக் கிடைக்கவில்லை என்றோ மூடப்படும் செய்தி இருக்கிறது. உங்களைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் அதை ஏற்கக் கூடாது என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கிய தேதியைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுங்கள், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். குற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆட்சேப மனு போடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.